30 வயது ரோலர் கோஸ்டர்: இரும்பை மாற்றலாம்... பாதையை மாற்றலாமா?

ஒரு ரோலர் கோஸ்டருக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது? பழுது பார்த்து அதையே ஓட்டுவதா, மாற்றியமைத்துப் புது ரைடு ஆக்குவதா, இல்லை பேசாமல் இடித்துவிடுவதா?

சமீப ஆண்டுகளில் மூன்று தீம் பார்க்குகள் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ், தன் புகழ்பெற்ற ‘நெமிசிஸ்’ ரைடின் பாதையை அப்படியே வைத்துக்கொண்டு இரும்பை மட்டும் பெருமளவு மாற்றி 2024 மார்ச்சில் திறந்தது. அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் உள்ள சீடர் பாயின்ட், ‘டாப் த்ரில் டிராக்ஸ்டர்’ ரைடை மறுவடிவமைத்து, ‘டாப் த்ரில் 2’ என்று பெயரிட்டு 2024 மே மாதம் திறந்தது. நியூஜெர்சியில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர், உலகிலேயே உயரமான கோஸ்டராக இருந்த ‘கிங்டா கா’வை 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தது.

எது சரி? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு செலவாகும்?’ அல்ல. ‘மக்கள் இதில் எதை விரும்புகிறார்கள்?’ என்பதுதான்.

ரோலர் கோஸ்டருக்கு ஏன் வயதாகிறது?

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதல் சில தடவை ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும். உலோகச் சோர்வு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். ரோலர் கோஸ்டரில் ஒவ்வொரு முறை வண்டி வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் பாய்ந்து மேலேறும்போதும், தண்டவாளத்தின் மீதும் அதைத் தாங்கும் தூண்களின் மீதும் பெரும் விசை விழுகிறது. ஒரு நாளைக்குப் பல நூறு தடவை, ஆண்டுக்கணக்கில் இது நடக்கும். கூடவே மழை, பனி, துரு. வெல்டிங் செய்த இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழ ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது வண்டிகளைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். சாயம் தடவியும், காந்தத் துகள்களைத் தூவியும், ஒலி அலைகளை அனுப்பியும் விரிசல் தேடுவார்கள். விரிசல் தெரிந்தால் அந்தப் பாகத்தை மாற்றுவார்கள். ஆனால், மாற்ற வேண்டிய பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனால், ஒரு நாள் கணக்கு உதைக்கும். அப்போதுதான் ‘பழுது பார்ப்பதா, மாற்றுவதா?’ என்ற கேள்வி மேஜைக்கு வரும்.

மரத்தாலான கோஸ்டர்களின் கதை வேறு. பலகைகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே இரும்புப் பட்டை பதித்து அந்தத் தண்டவாளத்தை உருவாக்குகிறார்கள். மரம் வெயிலுக்கும் மழைக்கும் விரியும், சுருங்கும், உளுக்கும். அதனால் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை மாற்றுவது அங்கே வழக்கமான வேலை.

நெமிசிஸில் என்ன செய்தார்கள்?

நெமிசிஸ் 1994 மார்ச் 16 அன்று திறக்கப்பட்டது. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, கால்கள் அந்தரத்தில் தொங்கும் வகையைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் அந்த வகையில் இதுதான் முதல் கோஸ்டர். ஜான் வார்ட்லியின் திட்டப்படி, சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் இதை உருவாக்கியது.

இதன் அழகே ஒரு தடையில் இருந்து பிறந்ததுதான். ஆல்டன் டவர்ஸில் மரங்களின் உயரத்தைத் தாண்டி எதையும் கட்டக் கூடாது என்று கட்டுப்பாடு. மேலே போக முடியாவிட்டால் என்ன, கீழே போவோம் என்று பாறையை வெடிவைத்துக் குடைந்தார்கள். 716 மீட்டர் நீளமுள்ள பாதை அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து, பாறைச் சுவர்களை உரசுவதுபோல் வளைந்து, நான்கு முறை தலைகீழாகப் புரண்டு வெளியே வரும். வேகம் மணிக்கு சுமார் 81 கிலோமீட்டர். இன்றைய கணக்கில் அது பெரிய வேகமே இல்லை. ஆனால் பாறை முகத்துக்கு நேரே வரும்போது 81 என்பது 150 மாதிரி இருக்கும்.

2022 நவம்பரில் நெமிசிஸ் மூடப்பட்டது. இது மூடப்படப் போகிறது, திரும்பி வரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். பழைய தண்டவாளத்தில் பெரும்பகுதியையும் தூண்களையும் கழற்றிவிட்டு, அதே வளைவு, அதே இறக்கத்தில் புதிய துண்டுகளைப் பொருத்தினார்கள். திறந்து சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 16 அன்று ‘நெமிசிஸ் ரீபார்ன்’ ஓட ஆரம்பித்தது. நிறம் மாறியது. கறுப்புத் தண்டவாளத்தில் சிவப்பு நரம்புகள் ஓடுவதுபோல் வண்ணம் தீட்டினார்கள். கதையும் அலங்காரமும் புதுப்பிக்கப்பட்டன. பாதை மட்டும் மாறவில்லை.

‘இரும்பெல்லாம் புதுசு என்றால் இது பழைய நெமிசிஸ்தானா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர்க் கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம், உளுத்த மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் வைக்கிறோம். அடுத்த ஆண்டு வடம் பிடிக்கும்போது யாரும் ‘இது வேற தேர்’ என்று சொல்வதில்லை. நெமிசிஸின் ரசிகர்கள் அந்த இரும்பைக் காதலிக்கவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்து போகும் வழியைத்தான் காதலித்தார்கள். அதைக் காப்பாற்றியாகிவிட்டது.

அப்படியென்றால் மறுவடிவமைப்பு தப்பா?

இல்லை. சீடர் பாயின்ட்டிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1991-ல் அங்கே ‘மீன் ஸ்ட்ரீக்’ என்ற மரக் கோஸ்டர் வந்தது. உயரம் சுமார் 49 மீட்டர். காலப்போக்கில் அது உடம்பை உலுக்கி எடுக்கும் ரைடு என்று பெயர் வாங்கியது. முதல் இறக்கத்திலேயே வேகத்தைக் குறைக்க பிரேக் பொருத்த வேண்டியிருந்தது. 2016-ல் அதை மூடினார்கள். ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம், பழைய மரச் சட்டகத்தைப் பயன்படுத்தி அதன்மேல் எஃகுத் தண்டவாளம் அமைத்தது. 2018-ல் ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ பிறந்தது. உயரம் 62 மீட்டர், செங்குத்தான இறக்கம், நான்கு தலைகீழ்ப் புரளல்கள். உலகின் சிறந்த கோஸ்டர்கள் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது இதன் பெயர் தவறாமல் வருகிறது.

மீன் ஸ்ட்ரீக்கின் பாதையை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. அதனால் அதை மாற்றியதில் இழப்பு குறைவு, லாபம் அதிகம்.

இதே அளவுகோலை நியூயார்க்கின் கோனி ஐலண்டில் உள்ள ‘சைக்ளோன்’ கோஸ்டருக்கு வைத்துப் பாருங்கள். 1927-ல் திறக்கப்பட்ட மரக் கோஸ்டர். உயரம் வெறும் 26 மீட்டர். அதுவும் உலுக்கத்தான் செய்யும். 1970-களின் தொடக்கத்தில் பக்கத்தில் உள்ள நீர்வாழ் காட்சியகத்தை விரிவாக்க இதை இடிக்கும் பேச்சு வந்தபோது, மக்கள் இயக்கம் நடத்திக் காப்பாற்றினார்கள். 1988-ல் நியூயார்க் நகரமும், 1991-ல் அமெரிக்க தேசிய அளவிலும் இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். இங்கே கடகடவென்ற சத்தமும் உலுக்கலும்கூட அனுபவத்தின் பகுதி. ஸ்டீல் வெஞ்சன்ஸ் மாதிரி இதைத் தலைகீழாகப் புரட்டினால் ஒரு நல்ல ரைடு கிடைக்கலாம். சைக்ளோன் இருக்காது. அதனால்தான் அங்கே பலகை பலகையாக மாற்றி, அதே வடிவத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

‘புதுசுதான் பாதுகாப்பு’ என்ற வாதம்

மறுவடிவமைப்பை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் வலுவான வாதம் பாதுகாப்பு. ‘பழைய நினைவுக்காக உயிரோடு விளையாட முடியுமா?’ என்று கேட்கிறார்கள். முடியாதுதான். அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. டாப் த்ரில் டிராக்ஸ்டரில் 2021 ஆகஸ்டில் வண்டியிலிருந்து கழன்ற ஓர் உலோகத் துண்டு, வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது. அதற்குப் பிறகு அந்த ரைடை அப்படியே மறுபடி ஓட்டியிருந்தால் யாரும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால், ‘புதிது’ என்றாலே ‘பாதுகாப்பானது’ என்று அர்த்தம் இல்லை.

நெமிசிஸ் இருக்கும் அதே ஆல்டன் டவர்ஸில், 2013-ல் திறக்கப்பட்ட ‘ஸ்மைலர்’ கோஸ்டரில் 2015 ஜூன் மாதம் விபத்து நடந்தது. பாதையில் ஆளில்லாத ஒரு வண்டி நின்றிருந்தது. அதைக் கண்டுபிடித்து ரைடை நிறுத்தி வைத்தது கம்ப்யூட்டர். பாதை காலியாக இருக்கிறது என்று நினைத்த ஊழியர்கள், அந்த நிறுத்தத்தை மீறி அடுத்த வண்டியை அனுப்பிவிட்டார்கள். மோதலில் இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்தும் மெர்லின் நிறுவனத்துக்கு 2016-ல் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ரைடுக்கு வயது இரண்டுதான். தவறு இரும்பில் இல்லை, வேலை நடக்கும் முறையில் இருந்தது.

டெக்சாஸில் ‘டெக்சாஸ் ஜயன்ட்’ என்ற 1990-ம் ஆண்டு மரக் கோஸ்டரை, எஃகுத் தண்டவாளம் போட்டு, இன்னும் உயரமாக, இன்னும் செங்குத்தாக மாற்றி 2011-ல் திறந்தார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2013 ஜூலையில் ஒரு பெண் அதிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அதன் பிறகே ஆட்களைப் பிடித்துவைக்கும் கம்பியைத் திருத்தி, சீட் பெல்ட்டும் சேர்த்தார்கள். பெயரும் சட்டகமும் பழசாக இருந்தாலும், பாதையை மாற்றிவிட்டால் அது புது ரைடு. உடம்பின் மீது விழும் விசைகள் புதுசு. பழைய ரைடு 20 ஆண்டு ஓடியது என்பது புதியதற்குச் சான்றிதழ் ஆகாது.

டாப் த்ரில் 2-வின் அனுபவம் இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. பழைய ஹைட்ராலிக் உந்துவிசைக்குப் பதில் மின்காந்த முறை, பின்பக்கம் இன்னொரு 128 மீட்டர் கோபுரம் என்று பிரம்மாண்டமாக மாற்றினார்கள். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வண்டிகளில் பிரச்சினை என்று நிறுத்தினார்கள். அந்த சீசன் முழுவதும் ஓடவில்லை. 2025-ல்தான் திரும்ப வந்தது. பிரச்சினை தெரிந்ததும் நிறுத்தியது சரியான முடிவு. ஆனால், மறுவடிவமைப்பு என்பது சுலபமான குறுக்குவழி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

செலவுக் கணக்கு

பூங்கா நிர்வாகங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரும் பணம் செலவழித்து இரும்பை மாற்றிவிட்டு, ‘பழைய ரைடுதான், வந்து ஏறுங்கள்’ என்று விளம்பரம் செய்ய முடியாது. புதுசாக ஒன்று இருந்தால்தான் புதுக் கூட்டம் வரும். நெமிசிஸுக்கு ‘ரீபார்ன்’ என்று ஒட்டுப்பெயர் சேர்த்ததும், புதுக் கதை எழுதியதும் அதற்காகத்தான். அதில் தவறில்லை. வண்ணமும் கதையும் மாறலாம். அவை ஐந்து வருடத்தில் திரும்பவும் மாறும். குடைந்த பாறையும் அதற்குள் ஓடும் பாதையும் ஒருமுறை போனால் போனதுதான்.

எங்கள் கருத்து

பாதுகாப்பு பற்றிய முடிவு முழுக்க முழுக்கப் பொறியாளர்களுடையது. அங்கே பழைய நினைவுகளுக்கு ஓட்டுரிமை கிடையாது. விரிசல் விட்ட துண்டு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் கழற்றப்பட வேண்டும்.

ஆனால், எந்தத் துண்டைக் கழற்றுவது என்பதும், அந்த இடத்தில் என்ன வடிவத்தைப் பொருத்துவது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். ‘இரும்பு பழசாகிவிட்டது’ என்று காரணம் சொல்லி, மக்கள் நேசிக்கும் பாதையையும் சேர்த்துத் தூக்குவது நியாயமில்லை. ஒரு கிளாசிக் கோஸ்டரைப் பொறுத்தவரை முதல் வாய்ப்பு, அதே பாதையைப் புது இரும்பில் அமைப்பதுதான். அது ஏன் முடியாது, அல்லது ஏன் கூடாது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மாற்ற நினைப்பவர்களுடையது. மீன் ஸ்ட்ரீக் மாதிரி ரைடுகளில் அதை எளிதாக நிரூபிக்கலாம். நெமிசிஸிலும் சைக்ளோனிலும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். கிங்டா கா 2024 நவம்பரில் கடைசியாக ஓடியபோது, அதில் ஏறியவர்களுக்கு அதுதான் கடைசி நாள் என்றே தெரியாது. சில நாள் கழித்துத்தான் அறிவிப்பு வந்தது. 139 மீட்டர் உயரத்துக்கு 19 ஆண்டுகள் ஆட்களை ஏற்றி இறக்கிய ஒரு ரைடுக்கு, கடைசியாக ஒருமுறை ஏறி விடைபெறும் வாய்ப்பைக்கூட ரசிகர்களுக்குத் தரவில்லை. காப்பாற்ற முடியாத ரைடுகள் இருக்கத்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்வதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.