பேட்டிக்குப் போகும் பிள்ளைகள்

நெய்வேலியில் இன்று பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "பையனுக்குப் பேட்டி வந்ததா? பெண்ணுக்கு உத்தரவு வந்ததா?"

அப்பா சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ உழைத்தவர். பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சாப்ட்வேர் என்ஜினீயர் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறான். பெண்களும் ஏறுகிறார்கள்.

அது என்ன வேலை?

கம்ப்யூட்டருக்குச் சுயபுத்தி கிடையாது. ரெயில் டிக்கெட் எடுப்பதோ, பாங்கிப் பணத்தை அனுப்புவதோ, எதைச் செய்யவும் அதற்கு வரிசையாகக் கட்டளை எழுதித் தர வேண்டும். எழுதுவது பாதி வேலை. பிழையைத் தேடித் திருத்துவது மீதி வேலை.

பேட்டியில் என்ன கேட்கிறார்கள்?

முதலில் பரீட்சை. அடுத்து ஒரு கணக்கைக் கொடுத்து, "எப்படிச் செய்வாய்?" என்பார்கள். உதாரணமாக, 1,000 பெயர்கள் உள்ள பட்டியலில் இரண்டு முறை வந்த பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிட்டால் சுமார் 5 லட்சம் தடவை பார்க்க நேரும். அகர வரிசையில் அடுக்கிவிட்டாலோ, ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். பக்கத்துப் பெயரைப் பார்த்தால் போதும்!

விடையை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. பிள்ளை யோசிக்கும் வழியையும் பார்க்கிறார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதே என்று சொல்லி வளர்த்தோம். பேட்டியிலும் வாய் மூடி நிற்கிறார்கள்! விஷயம் தெரியும், சொல்லத் தெரியாது. மனப்பாடம் செய்த இங்கிலீஷ், ஒரு குறுக்குக் கேள்வியில் கலைந்து போகிறது.

நெய்வேலியின் கதையே இதற்குப் பாடம். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் வந்தது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. மேலே கெட்டி மண், கீழே பீறிடும் நீரூற்று. மண்ணை அகற்றி, நீரை இறைத்த பிறகே கரி கிடைத்தது. கூச்சம் என்ற மேல்மண்ணை அகற்றினால் பிள்ளையின் அறிவும் வெளியே வரும். தினமும் ஒரு கணக்கை அம்மாவுக்குப் புரியும்படி வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். "தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்பதும் நல்ல பதில்தான்.

ஒரு எச்சரிக்கை. வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்று கேட்பவனை நம்பாதீர்கள். நல்ல கம்பெனி எதுவும் வேலைக்குப் பணம் வாங்காது.

வேலை கிடைத்தாலும் படிப்பு முடியாது. பெரிய கம்பெனியான டி.சி.எஸ். கூட 2025-ல் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. கற்றுக்கொண்டே இருப்பவருக்குத்தான் பயம் குறைவு.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2024-ல் விழுப்புரத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. மின்சாரம் தந்து நாட்டுக்கு ஒளி கொடுத்த நெய்வேலிக்கும் அப்படி ஒன்று வரவேண்டும். பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வேலைக்குப் போகட்டுமே!

பெற்றோர்களே! பேட்டியில் தோற்று வரும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். "என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்?" என்று அன்போடு கேளுங்கள். அடுத்த பேட்டிக்கான பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.