கணக்குக்குப் பொட்டு எதற்கு?

மார்ச்சு 31-ந் தேதியோடு வியாபாரக் கணக்கு வருஷம் முடிகின்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துச் சிறு செருப்புப் பட்டறைக்காரர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஆயுத பூசையன்று பொட்டிட்டுக் கும்பிட்ட கணக்குப் புத்தகத்தை, எந்தச் சரக்கில் லாபம், எவரிடம் பாக்கி என்று அறிவதற்காக எத்தனை பேர் பிரித்துப் பார்த்தீர்கள்?

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மேல் 50 சதவீத வரி போட்டது. அந்த ஒரு தேசத்தையே நம்பினவர்களுக்கு அடி விழுந்தது. இது சனியன் செய்த வேலையா? அடுத்த மாதம் 22-ந் தேதியே, ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள செருப்புக்கு 12-ம் 18-மாக இருந்த ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதமாயிற்று. உள்நாட்டில் விற்க வழி பிறந்ததை எந்தப் பஞ்சாங்கம் சொல்லிற்று?

பாக்கி வசூலாகக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வானேன்? பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளைக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டியும் தரவேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டமே இருக்கின்றதே!

ஆகவே தோழர்களே! ஜோசியனுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்துங்கள். வாங்குவோர் ஒருவரானால் இருவரைத் தேடுங்கள். முதலாளி கணக்குப் பாராத குற்றத்துக்கு, மேல்தோல் தைக்கும் பெண்கள் கூலியிழந்து பட்டினி கிடப்பது எந்த ஊர் நியாயம்?