யாருக்காகவோ போட்ட திட்டம்!

1999 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். சீசன் தொடங்க இரண்டு வாரம்தான் பாக்கி. ராம்ஸ் அணி, சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியுடன் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் சேராத ஆட்டம். பந்தை வீசிவிட்டு நின்ற ட்ரென்ட் கிரீனின் காலில் எதிரணி வீரர் ஒருவர் வந்து மோதினார். கிரீன் எழுந்திருக்கவில்லை. இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. அந்த சீசன் முழுவதும் அவர் ஆட முடியாது என்றார்கள் டாக்டர்கள்.

பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்த தலைமை கோச் டிக் வெர்மீலுக்குப் பேச்சு வரவில்லை. 62 வயது மனிதர், எல்லோர் எதிரிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கர்ட் வார்னர் என்ற வீரரின் பின்னால் எல்லோரும் நிற்போம், நன்றாகவே ஆடுவோம் என்றார்.

கேட்டவர்களில் பலருக்கு எழுந்த முதல் கேள்வி, `யார் இந்த கர்ட் வார்னர்?' என்பதுதான்.

ஒரு மூளை, ஒரு கை

அமெரிக்கர்கள் `ஃபுட்பால்' என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள், மோதி விழுவார்கள். 100 யார்டு நீளத் திடல். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லையைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் டச் டவுன், 6 பாயின்ட்.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக்கின் கைக்கு. யாரிடம் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அதற்குள் நான்கைந்து மலைகள் அவர்மீது விழ ஓடி வந்துகொண்டிருக்கும்.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் உண்டு. தாக்குதல் ஆட்டத்துக்கென்றே இருக்கும் கோச். அடுத்து என்ன ஆட வேண்டும் என்று திட்டம் போடுபவர் பெரும்பாலும் இவர்தான். குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருக்கும். கோச்சிடமிருந்து வரும் உத்தரவு அதில் காதுக்குள் கேட்கும். ஆட்டத்தைத் தொடங்க 15 நொடி பாக்கி இருக்கும்போது அந்த இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அதன் பிறகு குவாட்டர்பேக் தனி ஆள். ஒருவர் மூளை என்றால் இன்னொருவர் கை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் அணி தேறாது.

கடைசி வாய்ப்பு

வெர்மீல், ஃபிலடெல்ஃபியா அணியில் உழைத்து உழைத்துக் களைத்துப்போய் 1982 சீசனோடு வேலையை விட்டவர். 14 வருடங்கள் டி.வி.யில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். 1997-ல் ராம்ஸ் அணி அவரைத் திரும்ப அழைத்து வந்தது. முதல் வருடம் 16 ஆட்டங்களில் 5 வெற்றி. இரண்டாம் வருடம் 4. மணிக்கணக்கில் நீண்ட அவருடைய பயிற்சியைப் பார்த்து வீரர்களே முணுமுணுத்தார்கள். மூன்றாவது வருடமும் இதே கதி என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நிலையில் அவர் தன் வழியை மாற்றிக்கொண்டார். பயிற்சி நேரத்தைக் குறைத்தார். தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பை மைக் மார்ட்ஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். மார்ட்ஸ் அப்போது வாஷிங்டன் அணியில் குவாட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்.

மார்ட்ஸின் ஆட்டமுறைக்கு வேர், சார்ஜர்ஸ் அணியின் பழைய கோச் டான் கோரியெல்லிடம் இருக்கிறது. பந்தைப் பிடிக்கப்போகிறவர் எத்தனை எட்டு வைத்து எந்த இடத்தில் திரும்புவார் என்பது முன்கூட்டியே கணக்கு. அவர் திரும்பும் முன்னாலேயே பந்து கிளம்பிவிட வேண்டும். ஆள் இருக்கும் இடத்துக்கு வீசுவதில்லை. ஆள் வரப்போகும் இடத்துக்கு வீசுவது. அரை நொடி தாமதித்தாலும் கணக்கு தப்பிவிடும்.

இதைப் புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துத் தேற்ற நாள் பிடிக்கும். அதனால் ராம்ஸ் அணி, வாஷிங்டனில் மார்ட்ஸிடம் பயின்ற ட்ரென்ட் கிரீனையும் சேர்த்தே அழைத்து வந்தது. கிரீன் செயின்ட் லூயிஸில் வளர்ந்த பையன். அவரும் சும்மா வந்துவிடவில்லை. 1993-ல் சார்ஜர்ஸ் அணிதான் முதலில் தேர்ந்தெடுத்தது. ஆனால், ஓர் ஆட்டத்தை முதல் ஆளாகத் தொடங்கும் வாய்ப்பு 1998-ல்தான் கிடைத்தது. அதுவும் வாஷிங்டனில் முதலிடத்தில் இருந்தவர் காயப்பட்ட பிறகு.

பந்தை ஏந்தி ஓட மார்ஷல் ஃபாக் வந்தார். பந்தைப் பிடிக்க ஏற்கெனவே ஐசக் புரூஸ் இருந்தார். கல்லூரியிலிருந்து டாரி ஹோல்ட் சேர்ந்தார். எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் அந்த முழங்கால் போனது.

இரவு வேலை

கர்ட் வார்னர், அயோவா மாநிலத்துக்காரர். கல்லூரியில் கடைசி வருடம்தான் முதல் ஆளாக ஆடக் கிடைத்தது. என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர் பெயரை யாரும் வாசிக்கவில்லை. 1994-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது.

ஊருக்குத் திரும்பியவர் சீடர் ஃபால்ஸ் நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தார். இரவு முழுவதும் அலமாரிகளில் சாமான் அடுக்கும் வேலை. மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. பிற்பாடு அவர் மனைவியான பிரெண்டாவுக்கு அப்போதே இரண்டு குழந்தைகள். மூத்தவன் ஜாக்கரிக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது நேர்ந்த விபத்தில் பார்வை போயிருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டார் வார்னர்.

1995-ல் `அரீனா ஃபுட்பால்' என்ற உள்ளரங்கப் போட்டியில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்கு ஆடப் போனார். பெரிய ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் இடம் அது. திடல் 50 யார்டுதான், பாதி அளவு. பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று யோசிக்க நேரமே கிடையாது, வந்ததும் வீசிவிட வேண்டும். மூன்று வருடங்கள் அதில் ஆடினார்.

1997-ல் சிகாகோ பேர்ஸ் அணி அவரைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டது. தேனிலவுக்குப் போன இடத்தில் ஏதோ பூச்சி, சிலந்தியாக இருக்கும் என்கிறார்கள், வீசும் கையின் முழங்கையில் கடித்து வீங்கிவிட்டது. அந்த வாய்ப்பும் போயிற்று. ராம்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, 1998-ல் ஐரோப்பாவில் நடந்த போட்டியில் ஆட ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் மூன்றாவது குவாட்டர்பேக் என்ற இடம். அந்த சீசனில் ஒரே ஓர் ஆட்டத்தில் கொஞ்ச நேரம் இறங்கினார். வீசிய 11 பந்துகளில் 4 மட்டுமே சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தன.

1999 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. புதிதாக உருவான கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணிக்காக மற்ற அணிகள் தலா 5 வீரர்களை, `வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வெளியில் வைத்தன. ராம்ஸ் வைத்த ஐவரில் வார்னரும் ஒருவர். கிளீவ்லாந்து அவரைத் தொடவில்லை.

இப்படி ராம்ஸே கொடுத்துவிடத் தயாராக இருந்த ஆள்தான், ஆகஸ்ட் மாதத்தில் அவர்கள் கையில் மிச்சம் இருந்தார்.

புத்தகத்தைச் சுருக்கவில்லை

அந்த இடத்தில் எந்த அணியும் இரண்டில் ஒன்றைச் செய்யும். வெளியிலிருந்து அனுபவசாலி ஒருவரைக் கூட்டி வரும். இல்லை, இருக்கிற ஆளுக்கு ஏற்றபடி ஆட்டத்தைச் சுருக்கும். `வம்பு வேண்டாம், பந்தை ஃபாக்கிடம் கொடுத்துவிடு, அவர் ஓடிக்கொள்வார்' என்று சொல்லிவிட்டால் தோல்வியின் அளவையாவது குறைக்கலாம்.

வெர்மீலும் மார்ட்ஸும் இரண்டையும் செய்யவில்லை. கிரீனுக்காக வைத்திருந்த ஆட்டப் புத்தகத்தை வார்னரிடம் கொடுத்தார்கள். அதே தூரம், அதே வேகம், ஆள் திரும்பும் முன்பே வீச வேண்டிய அதே பந்துகள். அவர் முதலிடத்துக்குப் பழக்கப்படாதவர் என்பதற்காகத் திட்டத்தை எளிதாக்கவில்லை.

உள்ளரங்கத்தில் கழித்த மூன்று வருடங்கள் அப்போதுதான் கணக்குக்கு வந்தன. வந்ததும் வீசிவிடும் பழக்கம் அவர் கையில் ஊறிப்போயிருந்தது. மார்ட்ஸின் ஆட்டத்துக்குத் தேவைப்பட்டதும் அதுதான். யாரும் தேடிப் பார்த்துப் பொருத்தாத பொருத்தம்.

செப்டம்பர் 12-ல் முதல் ஆட்டம். பால்டிமோர் அணியை 27-10 என்று ராம்ஸ் வென்றது. வார்னர் 3 டச் டவுன் வீசினார். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தலா 3. நான்காவது ஆட்டத்தில் எதிரே நின்றது சான் ஃப்ரான்சிஸ்கோ. அந்த அணியிடம் ராம்ஸ் அதற்கு முன் தொடர்ச்சியாக 17 முறை தோற்றிருந்தது. அன்று 42-20 என்று வென்றது. வார்னர் வீசிய டச் டவுன்கள் 5.

சீசன் முடிந்தபோது 16-ல் 13 வெற்றி. மொத்தம் 526 பாயின்ட், என்.எஃப்.எல்.லில் வேறு எந்த அணியும் அந்த வருடம் அவ்வளவு எடுக்கவில்லை. வார்னரின் கணக்கில் 41 டச் டவுன். ஃபாக் ஓடியும், பிடித்தும் தனித்தனியே 1,000 யார்டைத் தாண்டினார். அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது வார்னருக்குக் கிடைத்தது.

ஒரு யார்டு

2000 ஜனவரி 30. அட்லாண்டாவில் சூப்பர் பவுல், சாம்பியன் யார் என்று முடிவாகும் ஆட்டம். எதிரணி டென்னசி டைட்டன்ஸ். 16-0 என்று முன்னால் போன ராம்ஸை, டைட்டன்ஸ் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 16-16.

நேரத்தைக் கடத்திப் பத்திரமாக ஆட நினைப்பவர்களுக்கு அது சரியான தருணம். ஆனால், ராம்ஸின் அடுத்த ஆட்டமே நீண்ட வீச்சு. இடி வாங்கிக்கொண்டே வார்னர் வீசிய பந்தை ஐசக் புரூஸ் பிடித்துக்கொண்டு ஓடினார். 73 யார்டு, டச் டவுன், 23-16.

டைட்டன்ஸ் விடவில்லை. கடைசி 6 நொடியில் எல்லைக்கு 10 யார்டு தூரத்தில் நின்றார்கள். பந்தைப் பிடித்த கெவின் டைசன் எல்லையை நோக்கிக் கையை நீட்டினார். ராம்ஸின் மைக் ஜோன்ஸ் அவர் கால்களைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தார். ஒரு யார்டு குறைந்தது. கோப்பை செயின்ட் லூயிஸுக்கு வந்தது. 414 யார்டு வீசி, அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரரானதும் வார்னர்தான்.

நாற்காலி நிலையில்லை

சினிமா என்றால் இங்கே `சுபம்' போட்டுவிடலாம். வார்னரின் கதையை 2021-ல் சினிமாவாகவே எடுத்தார்கள். வாழ்க்கை அதோடு நிற்கவில்லை.

கோப்பை வாங்கிய இரண்டே நாளில் வெர்மீல் ஓய்வை அறிவித்தார். மார்ட்ஸ் தலைமை கோச் ஆனார். 2000-ல் வார்னருக்கு வீசும் கையில் காயம் ஏற்பட்டபோது, குணமாகி வந்திருந்த கிரீன் 5 ஆட்டங்களைத் தொடங்கினார். வார்னர் திரும்பியதும் நாற்காலி அவருக்கே போனது. கிரீன் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு முழங்கால் போன நேரத்தில் இன்னொருவர் நன்றாக ஆடிவிட்டார், அவ்வளவுதான்.

2001-ல் வெர்மீல் ஓய்வை விட்டு மறுபடி வந்தார், இந்த முறை கன்சாஸ் சிட்டி அணிக்கு. வந்ததும் குவாட்டர்பேக்காக அவர் கேட்டு வாங்கியது ட்ரென்ட் கிரீனை. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்த மனிதர், அடுத்த 5 சீசன்களில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை.

செயின்ட் லூயிஸில் காற்று திசை மாறியிருந்தது. காயங்கள், நழுவிய பந்துகள். 2003 சீசனின் முதல் ஆட்டத்தில் வார்னர் பந்தை 6 முறை தவறவிட்டார். அதோடு நாற்காலி போனது. அதே மார்ட்ஸ், மார்க் பல்ஜர் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். மறு வருடம் அணியை விட்டே போனார் வார்னர். நியூயார்க்கில் பாதி சீசன் ஆடிவிட்டு, புதிதாக வந்த இலை மேனிங்குக்காக இடத்தை விட்டுக்கொடுத்தார். பிறகு அரிசோனா போய், அதுவரை சூப்பர் பவுலை எட்டியே பார்க்காத அந்த அணியை 37 வயதில் அங்கே கொண்டு நிறுத்தினார். 2017-ல் வார்னரும், 2022-ல் வெர்மீலும் ஃபுட்பாலின் `ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்தைப் பெற்றார்கள்.

வார்னர் நாற்காலியை இழந்த அதே 2003 சீசனில், கன்சாஸ் சிட்டி 16 ஆட்டங்களில் 13-ஐ வென்றது. நான்கு வருடங்களுக்கு முன் வார்னர் வென்றுகொடுத்த அதே 13. இந்த முறை குவாட்டர்பேக் ட்ரென்ட் கிரீன். கோடு ஓரத்தில் நின்றது, அவருக்காக அன்று பத்திரிகையாளர்கள் முன் அழுத அதே கோச்.