"போர்டு போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்

2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகள் நம் பாவூர்சத்திரம் வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. கேட்டால், "மதர்போர்டு போச்சு சார்!"

யார் சோதித்தது? விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் இருண்டிருந்தால், சில நேரம் கெட்டது எட்டுக்கால் பயாஸ் சிப்பில் உள்ள நிரல் மட்டுமே. சில நூறு ரூபாய் சிஎச்341ஏ கருவியை யுஎஸ்பியில் சொருகி, சிப்பை இருமுறை படித்து ஒப்பிடுங்கள். பழைய பதிவைப் பத்திரப்படுத்துங்கள். வரிசை எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பிறகு அதே மாடலின் நிரலை எழுதுங்கள். சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் கைவைத்தால் கருகிவிடலாம்.

எல்லாம் பிழைக்கும் என்று சொல்லவில்லை. சோதிக்காமலே காயலான் கடைக்கு அனுப்புவதைத்தான் கண்டிக்கிறேன். பொறியியல் படித்த பிள்ளைகளே, இதைக்கூடச் செய்யாவிட்டால் படித்தது எதற்கு?