கொட்டகையை இடிக்கலாமா, பிரிக்கலாமா?

தஞ்சைப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த பழைய மாட்டுக் கொட்டகையை இந்தச் சித்திரையில் இடித்தோம். இடித்திருக்கக் கூடாது, பிரித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா கட்டியது. சுண்ணாம்புக் காரை வைத்த செங்கல் சுவர், பனங்கை, மேலே மங்களூர் ஓடு. மாடுகள் போய் இருபது வருடமாகிறது. பின்சுவர் சாய்ந்துவிட்டது. அதனடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்த பிறகு, இனி விட்டுவைப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டு பேரிடம் விலை கேட்டேன். உள்ளூர்க் கொத்தனார், "நாலு ஆளு, ஒரு வாரம் ஆகுங்கய்யா. ஓடு, மரம், கல்லு எல்லாத்தையும் தனித்தனியா அடுக்கிக் குடுத்துடுறேன்" என்று கூலி சொன்னார். டவுன் காண்ட்ராக்டரோ, "ஒரே நாள் வேலை. நீங்க ஒரு பைசா தர வேணாம், நான்தான் உங்களுக்குப் பத்தாயிரம் தருவேன்" என்றார். அலுவலகத்தில் முப்பது வருடம் டெண்டர் பார்த்த கை, லாபமான பக்கமே போயிற்று.

காலையில் ஓடும் பனங்கையும் லாரியில் ஏறின. மதியம் ஜேசிபி வந்தது. சாயங்காலம் பார்த்தால் அம்மா மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிய கல்தொட்டியையும் காணோம். கேட்டதற்கு, "கொட்டகையோட சேர்ந்ததுதானேங்கய்யா" என்றார். தாளில் ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன பேச முடியும்?

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இடிபாட்டை வாய்க்கால் வளைவில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். கடைமடையில் நாற்று விட்டவர் என் வாசலில் வந்து நின்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அதை அள்ள ஆன செலவு, வாங்கிய பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இடிப்பதும் ஒரு தொழில்தான். பழைய சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது; தட்டினால் கல் முழுசாகக் கழன்று வரும், மறுபடி கட்டலாம். சிமெண்டில் பதித்த கல் உடைந்துதான் வரும். வயிரம் பாய்ந்த பனங்கை இன்னொரு தலைமுறைக்கும் தாங்கும். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிச் செய்த வகை ஓடு, விரிசல் இல்லாவிட்டால் இன்றைக்கும் வேறு கூரைக்கு ஏறும். நமக்குப் பத்தாயிரம் தருகிறேன் என்பவர் இதன் விலை தெரிந்துதான் தருகிறார். அவரைக் குறை சொல்லவில்லை. விலை தெரியாமல் கொடுத்தது என் தப்பு.

ஆகவே, முதல் ஓடு இறங்குமுன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பொருள் யாருக்கு, இடிபாடு எங்கே போகும், ஆள் விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு, மின் இணைப்பைத் துண்டித்தாயிற்றா, பக்கத்துச் சுவருக்குச் சேதம் வந்தால் யார் கட்டுவது. கட்டட இடிபாட்டைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாதென்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வாய்க்கால் ஊருக்குப் பொது.

போன வாரம் அந்தக் கொத்தனார் வழியில் எதிர்ப்பட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தொட்டியையாவது இழுத்து ஓரமாப் போட்டிருப்பேனேங்கய்யா" என்றார். கூலி கூடக் கேட்டிருக்க மாட்டார்.