நானோகுழாய்க்கு ஆசிட் குளியல்: எல்லா பிளாஸ்டிக்குக்கும் ஒத்துவருமா?

எலவனாசூர்கோட்டை கடைவீதியில் அடுக்கி வைத்திருக்கும் நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான். உருகிய நிலையில் இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி கிடக்கும். ஆறும்போது ஒரு பகுதி மடிந்து, வரிசையாக அடுக்கி, படிகமாகும். நாற்காலி விறைப்பாக நிற்குமா, விரிசல் விடுமா என்பதில் இந்தப் படிகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

படிகம் வளரப் பிடிமானம் வேண்டும். கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆலையில் பாகு கெட்டிப்படும்போது நுண்ணிய சர்க்கரைத் தூளை விதையாக விடுவார்கள். கற்கண்டுக்கு நூல் கட்டுவார்கள். பிளாஸ்டிக்கில் அந்த நூலின் வேலையைக் கார்பன் நானோகுழாய் செய்கிறது. தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசான அதன் சுவரில் சங்கிலிகள் ஒட்டிப் படுத்து, படிகமாக வளர்கின்றன. பாலிப்ரொப்பிலீனில் ஒரு சதவீதம் சேர்த்தாலே போதும், ஆறும்போது படிகமாகும் வெப்பநிலை பல டிகிரி உயரும். அச்சில் பொருள் சீக்கிரம் இறுகிவிடும்.

அப்புறம் என்ன சிக்கல்? குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிடும். அதைப் பிரிக்கத்தான் நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்து, மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்றுகிறார்கள். நைலானுக்கு இது நல்ல ஜோடி. பாலிப்ரொப்பிலீன் எண்ணெய்க் குணம் கொண்டது, அமிலம் ஏறிய குழாயோடு அவ்வளவாக ஒட்டாது. அமிலம் அளவு மீறினால் குழாய் உடைந்து குட்டையாகும், வழவழப்பான சுவரும் சிதையும். சரி, எண்ணெய்க் குணமுள்ள நீண்ட சங்கிலிகளைச் சுவரில் நட்டால்? குழாய் நன்றாகப் பரவும். ஆனால் படிகம் பிடிக்க வேண்டிய சுவரே மூடிப்போகலாம்!

அதனால்தான் 'மேற்பரப்பு பதப்படுத்தியது' என்ற லேபிளை மட்டும் நம்பி நானோகுழாய் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த பிளாஸ்டிக்குக்கு, எந்தப் பதம் என்று கேளுங்கள். டிஎஸ்சி வரைபடத்தையும் கேளுங்கள். எத்தனை டிகிரியில், எவ்வளவு படிகமானது என்று அது காட்டிவிடும்.

கீழடி பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் நானோகுழாய் இருப்பதாக விஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டதும், 'அன்றே நானோ டெக்னாலஜி' என்று வாட்ஸ்அப் பொங்கியது. அந்தக் குயவர் தெரிந்து செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு அச்சு வார்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆசைப்பட்டுக் குழாயை அள்ளிப் போட்டால், சங்கிலிகள் நகர இடமில்லாமல் படிக வளர்ச்சியே மந்தமாகிவிடும்.