திரும்பி வந்த குதிரை

சினிமாவில் மிருகங்கள் நடிப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அவை பாட்டுப் பாடுவதில்லை. பக்கம் பக்கமாக வசனம் பேசுவதில்லை. விம்மி விம்மி அழுது நம்மைப் பயமுறுத்துவதும் இல்லை. ஆகையினால்தான் போலும், பிரபல நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து புலம்பினாலும் அசையாத நம் நெஞ்சம், ஒரு குதிரை மெள்ளத் தலையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் உருகிவிடுகிறது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்னும் அமெரிக்க டைரக்டர் 2011-ம் வருஷத்தில் வெளியிட்ட 'வார் ஹார்ஸ்' அப்படி உருக வைக்கும் படம். மைக்கேல் மார்பர்கோ என்னும் ஆங்கில ஆசிரியர் 1982-ல் குழந்தைகளுக்காக எழுதிய கதை அது. நூலில் குதிரையே தன் சரித்திரத்தைத் தன் வாயால் சொல்லுகிறது. 2007-ல் அதை லண்டனில் நாடகமாக்கியபோது, குதிரையளவு பெரிய பொம்மையை மனிதர்கள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஆட்டி உயிர் கொடுத்தார்கள். படத்திலோ நிஜக் குதிரைகளே வருகின்றன.

இங்கிலாந்தில் டெவன் என்னும் பிரதேசம். அங்கே ஓர் ஏழைக் குடியானவன், நிலச்சுவான்தாரிடம் கொண்ட வீம்பினால், உழவுக்கு லாயக்கில்லாத உயர்ஜாதிக் குதிரை ஒன்றை 30 கினி கொடுத்து ஏலத்தில் எடுத்துவிடுகிறான். வீட்டில் மனைவி தலையில் அடித்துக் கொள்கிறாள். மகன் ஆல்பர்ட் மட்டும் அதற்கு ஜோயி என்று பெயரிட்டு, கைகளைக் குவித்து ஊதி அழைக்கக் கற்றுக் கொடுத்து, கல்லும் கரடுமான நிலத்தையும் உழச் செய்துவிடுகிறான். ஆனால் 1914-ல் மகாயுத்தம் மூளுகிறது. கடனுக்கு அஞ்சிய தகப்பன் குதிரையைப் பட்டாளத்துக்கு விற்றுவிடுகிறான். பின்னால் ஆல்பர்ட்டும் சிப்பாயாகிப் பிரான்ஸுக்குப் போகிறான்.

ஜோயியை ஏறிச் சென்ற காப்டன் முதல் தாக்குதலிலேயே மாண்டு போகிறான். உருவிய வாளுடன் பாய்ந்து சென்ற குதிரைப் படையை, மரங்களின் மறைவில் காத்திருந்த இயந்திரத் துப்பாக்கிகள் எதிர்கொள்ளுகின்றன. மனிதர்கள் விழுவதை டைரக்டர் காட்டவில்லை. சேணம் காலியான குதிரைகள் துப்பாக்கிகளைத் தாண்டி ஓடுவதையே காட்டுகிறார். பட்டாளத்தை விட்டு ஓடிய இரண்டு ஜெர்மானியச் சிறுவர்கள் சுடப்படும் கணத்திலும், சுழலும் காற்றாலையின் இறக்கை ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது. குழந்தைகளுடன் வந்திருக்கும் பெற்றோரிடம் டைரக்டர் காட்டும் மரியாதை இது. அதனால் கொடுமை குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜோயி ஆங்கிலேயரிடமிருந்து ஜெர்மானியரிடம் போகிறது, அங்கிருந்து ஒரு பிரெஞ்சுக் கிழவரிடமும் அவருடைய பேத்தியிடமும், மறுபடியும் ஜெர்மானியரிடம். அன்புடன் தடவிக் கொடுத்த கை எந்த தேசத்துக் கை என்று அது விசாரிக்கவில்லை. படத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வெறி பிடித்தாற்போல் ஓடிய ஜோயி, இரு சேனைகளுக்கும் நடுவே முள்கம்பியில் சிக்கிக் கிடக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆங்கிலச் சிப்பாய் வெள்ளைத் துணியை ஏந்தி வருகிறான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜெர்மானியன் கம்பி வெட்டும் குறட்டுடன் வருகிறான். இன்னும் குறடு வேண்டுமென்று கூவியதும், பதுங்கு குழியிலிருந்து அரை டஜன் குறடுகள் வந்து விழுகின்றன! குதிரை யாருக்கு என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்த்துக் கொண்டு, கை குலுக்கிப் பிரிகிறார்கள். மறு நாள் ஒருவரையொருவர் சுடவேண்டியவர்கள்! ஒரு வாயில்லாப் பிராணிக்காக நிறுத்த முடிந்த யுத்தத்தை மனிதர்களுக்காக ஏன் நிறுத்த முடியவில்லை என்ற கேள்வி, ஒரு வார்த்தை பேசாமலே நம் மனத்தில் எழுந்துவிடுகிறது.

முடிவில் ஆல்பர்ட்டும் ஜோயியும் சேர்ந்து, செக்கச் சிவந்த அந்தி வானத்தின் கீழ் வீடு திரும்புகிறார்கள். வானத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே சாயம் பூசிவிட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம். ஆனாலும் கண்ணைத் துடைத்துக் கொண்டுதான் இதைச் சொல்லுகிறோம்.

அப்படித் திரும்பிய குதிரை நிஜமாகவே உண்டு. ஜெனரல் ஜாக் ஸீலியின் 'வாரியர்' யுத்தம் முழுவதையும் கடந்து, 1918-ல் வைட் தீவுக்குத் திரும்பி, 1941 வரையில் உயிர் வாழ்ந்தது. 2014-ல் அதற்கு மிருகங்களின் வீரத்துக்கு அளிக்கும் டிக்கின் பதக்கத்தைக் கௌரவமாக வழங்கினார்கள்.

ஆனால் அந்த யுத்தத்தில் மடிந்த குதிரைகள் சுமார் 80 லக்ஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிழைத்தவற்றிலும் பல வீடு திரும்பவில்லை. படத்திலேயே, யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக் குதிரைகளை ஏலம் போடுகிறார்கள். கேட்பவர்களில் ஒருவன் கசாப்புக்காரன். இது கற்பனை அன்று. 1930-ல் கெய்ரோ நகருக்குச் சென்ற டாரதி புரூக் என்னும் மாது, பட்டாளத்தார் விற்றுவிட்டுப் போன குதிரைகள் எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைக் கண்டார். 1931-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதிப் பொருள் திரட்டி, சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை இனிப் பிழைக்க முடியாதவை. வயிறாரத் தீனி போட்டு, வேதனையில்லாமல் கண்மூடச் செய்வதுதான் அவரால் முடிந்தது. 1934-ல் அவர் அங்கே ஸ்தாபித்த குதிரை ஆஸ்பத்திரியிலிருந்து வளர்ந்த தர்ம ஸ்தாபனம், இன்று நம் இந்தியாவிலும் வண்டிக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் தொண்டு செய்து வருகிறது.

இந்தப் படத்தைக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். மிகச் சிறியவர்கள் மட்டும் இரண்டொரு வருஷம் பொறுக்கலாம். பார்த்து முடிந்ததும், "மற்றக் குதிரைகள் எல்லாம் என்ன ஆயின?" என்று ஏதாவது ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும். பேச்சை மாற்றாதீர்கள். கெய்ரோவில் ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கிய அந்த மாதின் கதையைச் சொல்லுங்கள்.